முந்நூற்றுப் பன்னிரண்டாம் புகார்

மார்ச் 3

கொசுவுக்கு,

பெட்டியைப் பார்த்த கையோடு திருப்பி அனுப்பிவிடாதே. நீ இருப்பது நான்காம் மாடி என்று உன் அண்ணன் சொன்னார். கூரியர்காரர் பாவம், இரண்டாவது முறை ஏறி இறங்க வைக்காதே.

பெட்டிக்குள் ஒரு கணினி இருக்கிறது. அதில் எங்கள் புது கேம் ‘கரைக்காவல்’ முழுதாக இருக்கிறது. கடைக்கு வர இன்னும் இரண்டு மாதம். கூடவே ஒரு கட்டு மஞ்சள் தாள் வைத்திருக்கிறேன். போன கேமின் கதை வெளிவருவதற்கு முன்பே யார் மூலமோ கசிந்துபோனதல்லவா, அதற்குப் பிறகு நம் முதலாளி தாடி ஒரு சட்டம் போட்டார். வெளியாள் யார் ஆடிப் பார்த்தாலும் குறிப்பைக் கையால் மஞ்சள் தாளில் எழுதி உறையில் போட்டு அனுப்ப வேண்டும். மெயில் கூடாது, போனில் பேசக் கூடாது. கணினி நிபுணர்கள் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் இப்போது அதிகம் செலவாகும் பொருள் தபால் உறைதான்.

நீ கிளம்பிப் போனபின் கதைப் பிரிவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் ‘கதை சரி’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கேம் வெளியே போகும். இந்தக் கேமும் போனதைப் போல மண்ணைக் கவ்வினால் கம்பெனி இருக்காது, தாடியே வாயைத் திறந்து சொல்லிவிட்டார்.

ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். எல்லாரும் எங்கள் சம்பளத்தில் இருப்பவர்கள், வேறென்ன சொல்வார்கள்? முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல எனக்குத் தெரிந்து ஒருத்திதான் உண்டு. ஒரே மேசையில் எட்டு வருடம் என்னோடு உட்கார்ந்தவள், என்னைத் தன் அண்ணனுக்கே கட்டி வைத்தவள், மூன்று வருடமாக என்னோடு பேசாதவள்.

ஒரே ஒரு கேள்விதான். போன கேமைப் பார்த்துவிட்டு, ஒரு காலத்தில் எல்லாரும் கொண்டாடிய ‘உப்புக்கோட்டை’ கேமை எடுத்த கம்பெனியா இது என்று ஊரே கேட்டது. நாம் பழையபடி ஆகிவிட்டோமா?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 9

அண்ணி,

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று மூன்று நாள் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். நான்காம் நாள் காலில் இடித்தது. எப்படிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று மட்டும்தான் திறந்தேன்.

உங்கள் கடிதத்தில் கூரியர்காரர் மேல் இருக்கும் இரக்கத்தில் கால்வாசிகூட என் மேல் இல்லை. ‘நீ கிளம்பிப் போனபின்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ நான் கடைக்குக் கிளம்பிப் போனதுபோல. அதனால் ஒருமுறை உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

போன கேம் ‘ஆயிரம் மகுட’த்தில் கதாநாயகனின் தங்கை இரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். அதன் பிறகு வீட்டுக்குப் போனால் அம்மா, “சத்தம் போடாதப்பா, தங்கச்சி உள்ள தூங்குறா” என்கிறாள். செத்த பெண் தூங்குகிறாளாம். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு நான்தான் கண்டுபிடித்துப் புகார் எழுதினேன். எண் 312. நம் கம்பெனியில் புகாரை எழுதியவர்தான் ‘தீர்ந்தது’ என்று பார்த்து மூட வேண்டும், அது நாற்காலி மேசையைவிடப் பழைய விதி. அந்த விதியை மீறி அதை மூடியது நீங்கள். குறிப்பு: ‘அப்படித்தான். மாற்ற வேண்டாம்.’

கேம் வெளியே வந்து, அந்த அம்மாவை நாடே வீடியோ எடுத்துச் சிரித்த வாரம், தாடி எல்லாரையும் ஹாலில் கூப்பிட்டு, “இதை டெஸ்டிங்ல ஒருத்தர்கூடப் பார்க்கலையா?” என்றார். நீங்கள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். நானே எழுந்து சொல்லியிருக்கலாம். அண்ணன் பெண்டாட்டியைச் சபையில் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரம் என்னையும் சேர்த்து டெஸ்டிங் பிரிவு நான்கு பேரும் வெளியே.

இப்போது லிப்ட் பரிசோதனை செய்கிறேன். நல்ல வேலை. ஐந்தை அழுத்தினால் ஐந்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எழுதுவேன், சரியானதும் நானே மூடுவேன். எந்த லிப்டும் என்னிடம் ‘அப்படித்தான்’ என்று சொன்னதில்லை.

ஆடிப் பார்க்கிறேன். அண்ணன் போனில் கெஞ்சினார் என்பதற்காக. கேமைப் பற்றி மஞ்சள் தாளில் எழுதுவேன், நம்மைப் பற்றி வெள்ளைத் தாளில். இரண்டையும் கலக்க மாட்டேன். ஆனால் ஒன்று. பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி அதே மகுடம், அதே வாள், அதே தூங்கும் தங்கச்சி என்றால் ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுவேன்.

கொசு


மார்ச் 14

கொசு,

நீ எழுதியது எல்லாம் நடந்ததுதான். அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் கேள்.

அந்த அம்மாவின் வசனத்தைத் திருத்த வேண்டுமானால் நடிகையைத் திரும்பக் கூப்பிட வேண்டும், எட்டு மொழியில் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். மூன்று வாரத்தில் முடியாது. வெளியீடு தள்ளிப்போனால் தலைகள் உருளும் என்று தாடி சொல்லியிருந்தார். யார் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் போனார்கள். தங்கை செத்தால் மனிதர்கள் அம்மாவைப் பார்க்கத்தான் போவார்கள் என்பது கதை எழுதுகிறவளுக்குத் தோன்றவில்லை.

ஹாலில் நான் பேசவில்லை. காரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பயம். அப்போதுதான் உன் அண்ணனுக்கு வேலை போயிருந்தது. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. சாக்கு மாதிரிதான் இருக்கிறது, தெரிகிறது.

கேமை என் மேல் இருக்கும் கோபத்தோடு ஆடாதே, அது முப்பது பேரின் மூன்று வருடம். ‘ஆமை’ புரோகிராமர் இதற்காகக் கண்ணாடியையே இரண்டு முறை மாற்றிவிட்டான்.

அண்ணி


மார்ச் 26

அண்ணி,

மஞ்சள் தாள் பதினெட்டு இணைத்திருக்கிறேன். குதிரை இரண்டு இடத்தில் சுவருக்குள் போய்த் தலையை மட்டும் நீட்டுகிறது. பைக்குள் சாமான் அடுக்கும் திரையைக் கண்டுபிடித்தவர் பெண்டாட்டிக்கு வீட்டில் உதவி செய்யாதவர். ஆற்று மணல் மேல் நடந்தால் கல்தரையில் நடக்கும் சத்தம் வருகிறது. இப்படி முப்பத்து நான்கு.

இது வெள்ளைத் தாள். இதில் நம்மைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன், ஆனால் மஞ்சள் தாளில் ‘எதிர்பார்த்தது’, ‘நடந்தது’ என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

வாய் நிறையத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் மணி நேரத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். படகுக்காரி ஓசியில் ஏற்ற மாட்டேன் என்கிறாள். பழைய டெஸ்டர் புத்தி, பொய் சொல்லிப் பார்த்தேன். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அக்கரையில் இருக்கிறாள்’ என்ற வரியை அழுத்தினேன். ஏற்றிக்கொண்டாள். நானும் மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை சண்டை, எத்தனை ஊர், கூட வரும் தச்சரும் ஓடிவந்த சிப்பாயும் யார் இன்று சமைப்பது என்று போடும் சண்டை வேறு. பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதே படகுத்துறை. படகுக்காரி என்னைப் பார்த்ததும் ஒரு மூட்டையை எடுத்து நீட்டி, “அம்மா இப்ப எப்படி இருக்காங்க? இதக் காய்ச்சிக் குடு. என் அம்மாவுக்குக் கேட்டுச்சு” என்கிறாள்.

அண்ணி, நான் சோபாவில் நெளிந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் யாருமில்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஒரு கேம் என் பொய்யை ஞாபகம் வைத்திருந்து, அதற்குத் தண்டனை தராமல், அன்பு காட்டி என்னைக் கூசவைத்துவிட்டது. செத்த தங்கை தூங்குகிறாள் என்று சொன்ன அதே கம்பெனியா?

இன்னொன்று. பேசும் இடங்களில் ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க மூன்றாவது வரியாக ‘பேசாமல் இரு’ திரும்பி வந்திருக்கிறது. உப்புக்கோட்டையில் நம் கம்பெனியின் முத்திரையே அதுதானே. ஆயிரம் மகுடத்தில் அதைத் தூக்கிவிட்டு, கத்து, இன்னும் கத்து என்று இரண்டு வரி வைத்தீர்கள். இங்கே மௌனத்துக்கும் ஆள்கள் பதில் சொல்கிறார்கள். ஒருத்தர் அழுகிறார், ஒருத்தர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இதை எழுதியது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடம் உங்கள் எச்சில் பேனாவை எழுத வாங்கியவள் நான்.

முடிவு இப்போது சொல்ல மாட்டேன். பாதிதான் வந்திருக்கிறேன். ஆயிரம் மகுடமும் முதல் பாதியில் ஆளை மயக்கத்தான் செய்தது.

நேற்று மருத்துவமனை லிப்ட் ஒன்றைப் பரிசோதிக்கும்போது, படகுக்காரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் பத்து நிமிடம் நின்றுவிட்டேன். காவலாளி, “மேடம், உள்ள மாட்டிக்கிட்டீங்களா?” என்று கத்தினார். ஆமாம் என்றேன்.

கொசு


மார்ச் 31

என் கொசுவே,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் உட்கார்ந்து படித்தேன், ஏனென்றால் அலுவலகத்தில் தனியாக இருக்கக் கிடைக்கும் ஒரே இடம் அது. படகுக்காரியைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் மடித்து ஆமையிடம் காட்டினேன். அவன்தான் அந்த ஞாபகத்தைக் கேமுக்குள் கட்டியவன். யாருக்கு எந்தப் பொய் சொன்னோம் என்று ஒவ்வொரு பாத்திரமும் தன் பங்குக்குக் குறித்துவைத்துக்கொள்ளும்படி ஒரு வருடம் உட்கார்ந்து செய்தான். படித்துவிட்டு நேரே போய்த் தேநீர் போட்டு வந்து என் மேசையில் வைத்தான். ஆறு வருடத்தில் அவன் எனக்குப் போட்டுத் தந்த முதல் தேநீர். சர்க்கரை போட மறந்துவிட்டான்.

குதிரையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டோம். சாமான் திரையைச் செய்தவர் தாடி என்று மட்டும் உன் காதில் போட்டுவைக்கிறேன்.

இனி நீ மூன்றாம் அத்தியாயத்துக்குள் போவாய். அங்கே ஊர்ச்சபை ஒன்று வரும். அதைப் பற்றி முன்கூட்டியே ஏதாவது சொல்லலாமா என்று நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். ஆடிப் பார். கோபம் வந்தால் என் மேல் காட்டு, கேம் மேல் காட்டாதே.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

ஊர்ச்சபையைப் பார்த்தேன்.

மதகில் விரிசல் என்று ஓர் எழுத்தர் எச்சரிக்கை எழுதித் தருகிறாள். வேலை கெடும் என்று நானே, அதாவது கேம் ஆடுகிறவரே, அதைக் கிழித்துப் போடுகிறேன். வெள்ளம் வந்து கீழத்தெரு போய்விடுகிறது. சபையில் தலைவர் கேட்கிறார்: “இதை யாருமே எழுதிக் குடுக்கலையா?” எழுத்தர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்க்கிறாள். திரையில் மூன்று வரி வருகிறது. நான்தான் கிழித்தேன். அவள் எழுதித் தரவே இல்லை. பேசாமல் இரு.

சொல்லித் தொலைக்கிறேன், முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷி, மூன்று வருடம் கழித்து அதே பூசணிக்காயை அலங்கரித்துக் கடையில் விற்கப் போகிறாள் என்று கத்தினேன். என்னிடம் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, லட்சம் பேர் ஆடும் கேமில் எழுத முடிகிறது. கணினியை மூடிவிட்டு இரண்டு நாள் தொடவில்லை.

மூன்றாம் நாள் உட்கார்ந்து மூன்று விதமாகவும் ஆடினேன். அந்தக் காட்சி அபாரம், அண்ணி. கோபமாக இருந்துகொண்டே சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பதவி போகிறது, எழுத்தர் பயணத்தில் என்னோடு சேர்ந்து வருகிறாள். பழி போட்டால் சபை என்னைப் பாராட்டுகிறது, அந்தப் பாராட்டைக் கேட்கவே முடியவில்லை. பேசாமல் இருந்தால்தான் ரொம்பக் கொடுமை. ஒன்றுமே நடப்பதில்லை. சபை கலைகிறது. எழுத்தரின் வீடு பூட்டிக் கிடக்கிறது. கேம் முடியும் வரைக்கும் அந்தத் தெரு வழியாகத்தான் போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு கண்ணில் படுகிறது. யார் இந்த அளவுக்கு யோசித்து எழுதுகிறார்கள் இப்போதெல்லாம்?

ஆனால் அங்கேதான் ஒரு பிழை. மஞ்சள் தாளிலும் எழுதியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

புகார் எண் 41.
எதிர்பார்த்தது: சபையில் பேசாமல் இருந்தவர், பிறகு மனம் மாறிப் போய்க் கதவைத் தட்டலாம்.
நடந்தது: தட்டவே முடியவில்லை. கதவு வெறும் சுவர்ப் படம். எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் இல்லை.

படகுக்காரி ஒரு பொய்யைப் பத்து நாள் ஞாபகம் வைத்திருக்கும் கேமில், வாயை மூடியவன் பிறகு வாயைத் திறக்க வழியே இல்லை என்றால் அது பொய். மனிதர்கள் தாமதமாகவாவது வருவார்கள். உள்ளே இருப்பவள் திறக்காமல் போகலாம், அது அவள் இஷ்டம். தட்டவாவது விட வேண்டும்.

குரல் பதிவு முடிந்துவிட்டது, நாள் குறித்தாகிவிட்டது, முப்பதாம் தேதி கையெழுத்து என்றெல்லாம் எனக்குத் தெரியும். பழையபடி ஆகிவிட்டோமா என்று கேட்டீர்களே, இந்த நாற்பத்தொன்றாம் புகாரை என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

கொசு


ஏப்ரல் 13

கொசு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் மஞ்சள் தாளின் ஓரத்தில் முதலில் ‘அப்படித்தான்’ என்று எழுதினேன். என் கை எழுதிவிட்டது. ஏழு எழுத்தும் எழுதி முடித்தபின்தான் பார்த்தேன். அப்படியே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தாடியிடம் போனேன். “வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கிறியே” என்றார். ஒரு கதவுக்காகவா, யார் தட்டப் போகிறார்கள் என்றார். அந்தக் கேள்வியை நான் ஏற்கனவே ஒரு முறை எனக்குள் கேட்டு, கம்பெனியையே நாற வைத்திருக்கிறேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. “எல்லாரும் தட்டுவாங்க சார்” என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். அரை மணி நேரம் கத்தினார். பிறகு ஆமையைக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆகும் என்றார். ஆறு வாரம் தள்ளிவைத்திருக்கிறோம். கேம் ஜூனில் வரும்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. ஆமை கதவைக் கட்டிவிடுவான். தட்டலாம். உள்ளே எழுத்தர் இருக்கிறாள், நடிகையும் வரத் தயார். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு எழுத வரவில்லை. பதினோரு விதமாக எழுதினேன், பதினொன்றிலும் அவள் அழுதுகொண்டே மன்னித்துவிடுகிறாள். என் ஆசையைத்தான் அவள் வாயில் போடுகிறேன். அந்த வரியை எழுத வேண்டியவள் நீ. மன்னிக்கத்தான் வேண்டும் என்று இல்லை.

கேமில் எழுதுவதற்கு முன்பு உன் வாசலில் வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் புகாரை மூடியது தப்பு, ஹாலில் பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு, கொசு.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

கதவுக்குப் பின்னால் இருப்பவளின் வரி இதுதான். நடிகையிடம் கோபப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். வேலையாக இருப்பவள் குரல்.

“கேட்குது. என் வாசல்ல நின்னு எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. சபையில போய்ச் சொல்லு. சொல்லிட்டு வா. கதவு எங்கயும் போயிடாது.”

அவ்வளவுதான். அதன் பிறகு ஆடுகிறவர் சபைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதவில்லை. அது உங்கள் வேலை.

கொசு


மே 2

கொசு,

உன் வரியை மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்தரின் வசனமாகப் படித்தேன். இரண்டாம் முறையே உறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொன்னேன். அதே ஹால்தான், ஓரத்தில் அதே உடைந்த மின்விசிறி. கேமைப் பற்றி ஏதோ அறிவிப்பு என்று நினைத்து எல்லாரும் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்கள். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன், தாளைப் பார்த்துப் படிக்க முடியவில்லை. “ஆயிரம் மகுடத்துல அந்த அம்மா வசனத்தை டெஸ்டிங் பார்க்கலைன்னு நாம எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்கோம். பார்த்தாங்க. மூணு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்தாங்க. மூடினது நான்” என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிறகு நான்கு பேர் பெயரையும் சொன்னேன்.

ஒவ்வொருவராகக் காபிக் கோப்பையை மேசையில் வைத்தார்கள். கடைசியில் ஆமை, “எனக்குத் தெரியும்” என்றான். “பதிவேட்டுல மூடினவங்க பேரு இருக்குமே. அந்த வாரமே எடுத்துப் பார்த்துட்டேன்.” ஏன்டா சொல்லவில்லை என்று தாடி கேட்டதற்கு, “நீங்க யாரும் என்னைக் கேட்கலையே” என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஹாலில் இடித்த புளி நான் ஒருத்தி மட்டும் இல்லை. இது எனக்கு ஆறுதலாக இல்லை, உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

தாடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அடுத்த கேமுக்குக் கதைத் தலைமை வேறு ஒருவர் என்றார். சரி என்றேன். பிறகு உங்கள் நான்கு பேருக்கும் அவரே உட்கார்ந்து கையால் மன்னிப்புக் கடிதம் எழுதினார். நாக்கைக் கடித்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை போல எழுதினார். உனக்கானது இந்த வாரம் வரும். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு இத்தனை நாளும் இது தெரியாது. நாத்தனார் அண்ணி சண்டை, ஏதோ வாய்த்தகராறு என்றே நினைத்திருக்கிறார். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே, “அவகிட்ட சொல்லிட்டியா?” என்றார். முதலில் அவளிடம்தான் என்றேன்.

இதனுடன் பழைய 312ஐ அச்செடுத்து வைத்திருக்கிறேன். என் ‘அப்படித்தான்’ வரியை நீக்கி, புகாரைத் திரும்பத் திறந்துவிட்டேன். அந்தக் கேமில் இனி எதையும் திருத்த முடியாது, இருந்தாலும் திறந்தே இருக்கட்டும். எழுதியவர்தான் மூட வேண்டும். மூடாமல் வைத்திருந்தாலும் சரி.

கேம் கடைக்கு வந்ததும் ஒரு பிரதியை உன் அண்ணன் கொண்டுவந்து தருவார். எழுத்தரின் கடைசி வரியை எழுதிவிட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அண்ணி


ஜூன் 16

அண்ணி,

கடைக்கு வந்த அன்றே அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் தாள் இல்லாமல், யாருக்கும் குறிப்பு எழுத வேண்டிய அவசியம் இல்லாமல், விரலில் பேனா மை இல்லாமல் ஒரு கேம் ஆடி எத்தனை வருடம் ஆகிறது! குதிரை சுவருக்குள் போகவில்லை. மணலில் மணல் சத்தம். சாமான் திரை மட்டும் அப்படியே இருக்கிறது, தாடிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக, போன வாரம் உப்புக்கோட்டையையும் எடுத்து மறுபடி ஆடிப் பார்த்தேன். ஊரே கண்ணில் ஒற்றிக்கொள்கிறதே, அதே உப்புக்கோட்டையை. அண்ணி, அதில் உப்பு வியாபாரியை ஏமாற்றினால் மறுநாள் அவர் கடையோடு காணாமல் போய்விடுகிறார். கேட்க நாதியில்லை. கோட்டைக்காரிக்கு நாம் செய்த துரோகம் இரண்டு ஊர் தாண்டியதும் மறந்துபோகிறது. அப்போது நாம் சின்னப் பிள்ளைகள், அதுவே ஆகாயம் மாதிரி இருந்தது. நம் ஞாபகத்தில் இருக்கும் உப்புக்கோட்டை வேறு, கணினியில் இருக்கும் உப்புக்கோட்டை வேறு.

அதனால் என் பதில்: இல்லை, பழையபடி ஆகவில்லை. பழையபடி இருந்தபோது நாம் இவ்வளவு நன்றாக ஒருநாளும் இருந்ததில்லை. ஊர் இன்னும் ஒரு மாதத்தில் இதைச் சொல்லும், நான் முதலில் சொன்னேன் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நேற்று லிப்ட் கம்பெனியில் எதிர் மேசைக்காரர் தன் பெண்ணிடம் போனில், “நீ பேசாம இருந்துட்டியா? அப்ப அந்த வீட்டுக்குப் போய்த் தட்டிப் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் லிப்ட் வரைபடத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி கதவு. வேண்டுமென்றேதான் சபையில் பேசாமல் இருந்தேன். வெள்ளம் வடிந்து, இரண்டு ஊர் சுற்றி, திரும்பி வந்து தட்டினேன். என் வரியை அவள் சொன்னாள். வேலையாக இருப்பவள் குரலிலேயே சொன்னாள், நடிகைக்கு என் நன்றி. சபைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். பதவி போனது. திரும்ப வந்து தட்டினேன்.

மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடி என்று ஏதாவது எழுதியிருப்பீர்கள், அதற்கு ஒரு புகார் எழுதலாம் என்று பேனாவை எடுத்து வைத்திருந்தேன். கதவு திறந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, “உள்ள வா. கதவைச் சாத்திட்டு வா, காத்து அடிக்குது” என்றாள்.

நான் அழுதேன், அண்ணி. அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார், கேட்டுப் பாருங்கள். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் அச்சுத் தாளின் கீழ்ப்பாதியை நிரப்பித் திருப்பி அனுப்புகிறேன்.

புகார் எண் 312.
எதிர்பார்த்தது: மூடியவர் வந்து சொல்ல மாட்டார்.
நடந்தது: சொன்னார். தாமதமாக, ஆனால் ஹாலில்.
நிலை: மூடப்பட்டது.
மூடியவர்: எழுதியவரே.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். உங்கள் கட்டட லிப்ட் இரண்டாம் மாடி தாண்டும்போது குலுங்குகிறது என்று அண்ணன் சொன்னார், அதையும் பார்த்து எழுதிக்கொடுத்துவிடுகிறேன். மூன்று முறை தட்டுவேன். அண்ணனை அனுப்பாமல், நீங்களே வந்து திறங்கள்.

கொசு